கல்ஃபா... கோல்ஃபா?

கொரியாக்காரர்களுக்கு 'ஃ'ப் வராது. அவர்கள் பாஷையிலேயே அந்தச் சத்தம் கிடையாது. 'காஃபி'யை நம் பாட்டிமார் மாதிரி 'ப்' போட்டுத்தான் சொல்வார்கள். இந்தச் சின்ன விஷயம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் எனக்குப் பத்து வாரத் தூக்கம் மிச்சமாகியிருக்கும்.

ஒரகடத்தில், கார் கதவின் உள்பக்கம் வருகிற பிளாஸ்டிக் பாகங்களைச் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனி. அதில் நான் குவாலிட்டி அசிஸ்டென்ட் மானேஜர். முதலாளி கொரியாக்காரர். 'சாஜாங்' என்போம். கம்பெனித் தலைவருக்கு அவர்கள் பாஷையில் அதுதான் பெயர். போன வருஷம் ஒரு நாள் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கொரிய ஓட்டலில் எங்களுக்கெல்லாம் டின்னர் கொடுத்தார். மேஜை நடுவிலேயே அடுப்பு. கிம்ச்சியை ஊறுகாய் என்று நினைத்துத் தொட்டுக்கொள்ள எதுவும் வராதா என்று நான் காத்துக்கொண்டிருந்தபோது, எதிர்ப்பக்கத்திலிருந்து சாஜாங் கேட்டார்:

"யூ... கோல்ப்பு?"

ஓட்டல் இரைச்சலில் என் காதில் 'கல்ஃப்' என்று விழுந்தது. பயோடேட்டாவைப் படித்திருக்கிறாரே மனுஷன் என்று எனக்கு ஒரே பூரிப்பு.

"யெஸ் சார்! டூ இயர்ஸ்! மஸ்கட்!"

"ஓ... மஸ்கட்! ஹவ் வாஸ் இட்?"

"வெரி ஹாட் சார். பட் குட் மணி."

சாஜாங் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "மணி! யூ ப்ளே போர் மணி!"

எதற்குச் சிரிக்கிறார் என்று புரியாமல் நானும் சிரித்தேன். பக்கத்தில் இருந்த எச்.ஆர். மானேஜர் என் தொடையைக் கிள்ளி, "யோவ், அவர் கேட்டது கோல்ஃப்!" என்றார். அதற்குள் சாஜாங் எழுந்து, எங்களுக்கு ஆர்டர் கொடுக்கிற கம்பெனியின் பர்ச்சேஸ் தலைவரிடம் என்னைக் காட்டி ஏதோ சொல்லிவிட்டார். பத்து வாரம் கழித்து நடக்கிற சப்ளையர்கள் போட்டியில் எங்கள் டீமின் நாலாவது ஆள் நான்தான் என்று!

அந்த நிமிஷமே உண்மையைச் சொல்லியிருந்தால் சிரிப்போடு போயிருக்கும். சொல்லவில்லை. டெபுடி மானேஜர் லிஸ்ட் தயாராகிக்கொண்டிருந்த சமயம். வீட்டு லோனில் இன்னும் பதினாலு வருஷம் பாக்கி. வாயைத் திறக்காமல் கிம்ச்சியைச் சாப்பிட்டேன்.

*

நம்மூரில் கோல்ஃப் புதுசு ஒன்றும் இல்லை. கல்கத்தாவில் 1829-லேயே க்ளப் ஆரம்பித்துவிட்டார்கள். கொடைக்கானலில் 1895-ல். ஆனால் நம் பக்கத்து ஃபாக்டரி சாலைகளுக்கு அது வந்த வழி வேறு.

1998 ஜூலையில் பாக் சே-ரி என்ற இருபது வயசுக் கொரியப் பெண் அமெரிக்காவின் மிகப் பெரிய பெண்கள் போட்டியில் ஆடினாள். கடைசிக் கட்டத்தில் பந்து குளத்து ஓரத்தில் போய் விழுந்தது. ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி அதை அடித்து வெளியே எடுத்தாள். பட்டத்தையும் ஜெயித்தாள். பண நெருக்கடியில் தவித்துக்கொண்டிருந்த நாடே டி.வி. முன்னால் கண்கலங்கியது. அதே வருஷம் செப்டம்பரில்தான் இருங்காட்டுக்கோட்டையில் செய்த சான்ட்ரோ கார் விற்பனைக்கு வந்தது. அந்தக் காரோடும், பின்னால் வந்த கம்பெனிகளோடும் வந்த கொரியர்களுக்கு கோல்ஃப் என்றால் நமக்குக் கிரிக்கெட் மாதிரி. பிறகு ஒரகடத்துக்கு வந்த ஜப்பான்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை இருட்டோடு காரில் நீளப் பையை ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்புகிறவர்களைப் பார்த்து, 'கிடார் கிளாஸ் போறாங்க போல' என்று நான் நினைத்ததுண்டு.

சரி, பத்து வாரம் இருக்கிறது. இன்ஜினீயர்தானே நாம்! ஒரு செகண்ட்ஹாண்ட் செட் வாங்கினேன். பையில் பதினாலு குச்சிக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டம். பதினாலும் வாங்கினேன். கூடவே முந்நூறு பழைய பந்துகள். வீட்டுக்காரி பில்லைப் பார்த்தாள். "இந்தக் காசுக்கு ஒரு கிரைண்டரும் ஒரு மிக்ஸியும் வாங்கியிருக்கலாம். ரெண்டும் சுத்தும், அரைக்கவாவது செய்யும்" என்றாள்.

எங்களுக்கு ஒரகடத்துக்குப் பக்கத்தில்தான் ஊர். ஃபாக்டரிகள் வந்தபோது நிலத்தில் பாதியை அப்பா விற்றுவிட்டார். மீதி ஒன்றரை ஏக்கர் தரிசாகக் கிடக்கிறது. ஒரு பக்கம் கம்பெனி காம்பவுண்டுச் சுவர், மறுபக்கம் வேலிக்காத்தான் புதர், தூரத்தில் ஒற்றைப் பனைமரம். அதுதான் என் மைதானம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம். முந்நூறு பந்து. ஒவ்வொரு பந்தும் நேராகக் கிளம்புவதுபோல் பாசாங்கு செய்துவிட்டு, பாதி வழியில் மனசு மாறி வலது பக்கம் வளைந்து வேலிக்காத்தானுக்குள் போய் விழுந்தது. கையில் நாலு கொப்புளம். ஆடு மேய்க்க வந்த பையனுக்குப் பந்து பொறுக்கக் கூலியாக அறுபது ரூபாய்.

அப்பா வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "ஏண்டா, கரும்பு வெட்டறியா, பாம்பு அடிக்கிறியா?" என்றார்.

ராத்திரி யூடியூப். ஒருத்தர் தலையை ஆட்டாதே என்றார். இன்னொருத்தர் தலை தானாக ஆடட்டும் என்றார். ஒருத்தர் இடது கைதான் எல்லாம் என்றார். அடுத்தவர் இடது கையை மறந்துவிடு என்றார். நாற்பத்தேழு வீடியோ பார்த்தேன். அடுத்த ஞாயிறு நாற்பத்தேழு உபதேசங்களையும் மண்டையில் சுமந்துகொண்டு குச்சியைத் தூக்கினால், பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. அரையடி மண்தான் பறந்தது.

ஒரு விசித்திரம் கவனித்தேன். இருநூற்றைம்பது பந்துக்கு மேல் கொஞ்சம் பிடிபடும். கடைசி இருபது பந்து நேராகப் போகும். 'வந்துடுச்சுடா' என்று விசில் அடித்துக்கொண்டே வீட்டுக்குப் போவேன். அடுத்த ஞாயிறு முதல் பந்து மறுபடி வேலிக்காத்தானுக்குள். நாலு வாரம் இதே கதை. பாக்கி ஆறு வாரம்.

*

ஒரு நாள் சாயங்காலம் ஷிஃப்ட் பஸ்கள் எல்லாம் போன பிறகு, சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் யாரும் இல்லை என்று குடையை மடக்கி நாலு தடவை வீசிப் பார்த்தேன்.

"சார்... பிடி தப்பு சார்."

திரும்பினால், கேட் செக்யூரிட்டி. அறுபதை நெருங்கும் வயசு. தினமும் எனக்கு சல்யூட் அடிக்கிறவர். நானும் தினமும் தலையை ஆட்டிவிட்டுப் போகிறவன். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படி..."

"மெட்ராஸ்ல ஒரு கோல்ஃப் மைதானத்துல இருபத்திரண்டு வருஷம் பை தூக்கினேன் சார். கேடி. தோள்பட்டை போச்சு, இங்க வந்துட்டேன்."

குடையை என் கையிலிருந்து வாங்கி, இரண்டு காலையும் அகட்டி நின்று, ஒரு தடவை வீசினார். அவ்வளவுதான். ஏதோ ஊஞ்சல் போய்த் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அந்தக் காக்கிச் சட்டைக்குள்ளிருந்து அது எப்படி வந்தது என்று எனக்குப் புரியவே இல்லை.

இது ஒன்றும் அதிசயம் இல்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1991-லும் 1993-லும் இந்தியன் ஓப்பன் பட்டத்தை ஜெயித்த அலி ஷேர், டெல்லியில் கேடியாக இருந்தவர். 2009-ல் ஜெயித்த பெங்களூர் முனியப்பாவும் பை தூக்கி வளர்ந்தவர்தான். தூக்கியவர்களுக்குத்தான் விளையாட்டின் கனம் தெரியும் போலிருக்கிறது.

"எங்கள மாதிரி ஆளுங்களுக்குத் திங்கட்கிழமை மட்டும்தான் சார். அன்னிக்கு மெம்பர் யாரும் வரமாட்டாங்க. ஒரு துரை குடுத்த ஏழாம் நம்பர் அயர்ன் ஒண்ணுதான் எங்கிட்ட. அதுலயே தூரமும் அடிப்பேன், கிட்டயும் தட்டுவேன்."

"அண்ணே, எனக்குச் சொல்லித் தர்றீங்களா?"

கொஞ்சம் யோசித்தார். "எட்டு மணிக்கு என் டூட்டி. ஏழு மணிக்கு வாங்க. இருபது நிமிஷம். இருபது பந்து. அதுக்கு மேல ஒண்ணுகூட வேண்டாம்."

"நான் ஞாயித்துக்கிழமை முந்நூறு அடிக்கிறேனே!"

"முந்நூறு அடிச்சா கை தப்பைத்தான் சார் நல்லா மனப்பாடம் பண்ணும்."

*

முதல் வாரம் பந்தே கிடையாது. "வீட்ல கோலமாவு இருக்கா?" என்று கேட்டார். தரையில் வெள்ளையாக ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு மேல் நின்று வீச வேண்டும். குச்சி தரையைத் தொடுகிற இடம் கோட்டில் ஆரம்பித்து முன்பக்கம் போக வேண்டும். கோட்டுக்குப் பின்னால் மண் பறந்தால் தப்பு. பார்க்க விளையாட்டாக இருக்கிறது. முதல் நாள் இருபதில் மூன்றுதான் சரி. ஏன் பந்து இல்லை என்று கேட்டேன். "பந்து இருந்தா பந்து எங்க போச்சுன்னு பாப்பீங்க. இப்ப மண்ணைப் பாருங்க. மண்ணு பொய் சொல்லாது."

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். குச்சியின் முகம் பந்தைத் தொடுகிற நேரம் ஒரு நொடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்தக் கணத்தில் நீங்களோ நானோ எதையும் சரிசெய்ய முடியாது. அதற்கு முன்னால் செய்ததன் விளைவைத்தான் பார்க்க முடியும்.

இரண்டாவது வாரம் பாதி வீச்சு மட்டும். இடுப்பு உயரத்துக்கு மேல் குச்சி போகக்கூடாது. அதோடு ஒரு தாளம். "ஒண்ணு, ரெண்டு, மூணு"க்குப் பின்னால் போக வேண்டும். ஒரே ஒரு "டக்"கில் பந்துக்கு வர வேண்டும். அவர் சொன்ன கணக்கை ஒரு அமெரிக்கர் வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக எண்ணி 2004-ல் புத்தகமாகவே போட்டிருக்கிறார். பெரிய ஆட்டக்காரர்கள் பெரும்பாலோருக்கு, பின்னால் போகிற நேரம் மூன்று பங்கு என்றால் கீழே வருகிற நேரம் ஒரு பங்கு. வேகமாக வீசுகிறவருக்கும் மெதுவாக வீசுகிறவருக்கும் இதே விகிதம்தான். சங்கீதம் கற்றவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. சரளி வரிசையை முதலில் கீழ்க்காலத்தில் பாடாமல் துரிதத்துக்குப் போகிற பிள்ளையை வாத்தியார் விடுவாரா?

மூன்றாவது வாரம்தான் பந்தை வைத்தார். மறுபடி வலது பக்கம் வளைந்தது. நான் உடனே காலை நகர்த்தி, தோளைத் திருப்பி, பிடியை மாற்றி...

"நிறுத்துங்க சார்! ஒரு தடவைக்கு எத்தனை மாத்துவீங்க?"

சுரீர் என்றது. ஃபாக்டரியில் நான் தினமும் ஆபரேட்டர்களிடம் கத்துகிற வசனம் அது! எங்கள் மெஷினில் மோல்டு முழுசாக நிரம்பாமல் அரைகுறையாக ஒரு பீஸ் வரும். அதற்குப் பெயரே 'ஷார்ட் ஷாட்'. அது வந்தால் பிரஷரைக் கூட்டு, பாரு. சரியாகவில்லையா, பழைய இடத்துக்குக் கொண்டு வா. அப்புறம் டெம்பரேச்சரைத் தொடு. இரண்டையும் ஒரே சமயம் திருகினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. நாளைக்கு மறுபடி வரும். பிளாஸ்டிக்குக்குத் தெரிந்த நியாயம் என் தோள்பட்டைக்கு ஏன் தெரியவில்லை?

"மொதல்ல பந்து எந்தப் பக்கம் கெளம்புதுன்னு பாருங்க" என்றார் அண்ணன். "அது குச்சியோட மூஞ்சி. அப்புறம் எந்தப் பக்கம் வளையுதுன்னு பாருங்க. அது மூஞ்சிக்கும், குச்சி வந்த வழிக்கும் நடக்கிற சண்டை. உங்க மூஞ்சி... அதாவது குச்சி மூஞ்சி... தெறந்துகிட்டு வருது. இடது கையைப் பாருங்க, விரல் முட்டி ஒண்ணுதான் தெரியுது. ரெண்டு தெரியற மாதிரி திருப்பிப் பிடிங்க. அழுத்தாதீங்க, இட்லித் துணியா பிழியறீங்க? இந்த வாரம் பூரா இது ஒண்ணுதான். வேற எதையும் தொடக்கூடாது."

ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். தேதி, இருபது பந்து, எத்தனை நேர், எத்தனை வலது, எத்தனை இடது. நேராகப் போனது ஆறிலிருந்து ஒன்பது, பிறகு பன்னிரண்டு. முந்நூறு பந்தில் கிடைக்காதது.

நாலாவது வாரம் வந்ததுதான் பெரிய வைத்தியம். ஒரே குச்சியால், ஒரே இடத்துக்கு, அடுத்தடுத்து இரண்டு பந்து அடிக்கக்கூடாது என்று தடை போட்டார். பனைமரத்துக்கு ஒன்று. பிறகு வேறு குச்சி, காம்பவுண்டு மூலைக்கு ஒன்று. பிறகு பக்கத்தில் கிடக்கும் கல்லுக்கு மெதுவாக ஒன்று. ஒவ்வொரு பந்துக்கும் பின்னால் போய் நின்று, குறி பார்த்து, புதிதாக வந்து நிற்க வேண்டும். என் நோட்டுக் கணக்கு சடாரென்று இறங்கியது. பன்னிரண்டு ஏழானது. முனகினேன்.

"மைதானத்துல எந்தப் பந்தையாவது ரெண்டு தடவ அடிக்க விடுவாங்களா சார்?"

இதையும் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். 1979-ல் அமெரிக்காவில் ஷே, மார்கன் என்ற இருவர், சின்ன மரத்தடைகளைக் கையால் தட்டி வீழ்த்தும் மூன்று வித அசைவுகளைச் சிலருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு கோஷ்டி ஒவ்வொன்றையும் மொத்தமாகச் செய்து முடித்தது. இன்னொரு கோஷ்டி கலைத்துப் போட்ட சீட்டு மாதிரி மாற்றி மாற்றிச் செய்தது. பயிற்சியின்போது மொத்தமாகச் செய்தவர்கள்தான் சூரர்கள். பத்து நாள் கழித்துப் பரீட்சை வைத்தபோது மாற்றி மாற்றிச் செய்தவர்கள் முந்திவிட்டார்கள். என்னுடைய ஞாயிற்றுக்கிழமை மர்மம் விளங்கியது. அந்தக் கடைசி இருபது பந்து நான் கற்றுக்கொண்டது அல்ல. முந்தின பந்தின் ஞாபகத்தை ஜெராக்ஸ் எடுத்தது. தூங்கி எழுந்தால் ஜெராக்ஸ் அழிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் மறந்து, மறுபடி தேடி எடுத்தால்தான் அது கையில் தங்கும்.

வீட்டில் ராத்திரி வேறு வேலை. ஒரு மைதானத்தின் கணக்கு எழுபத்திரண்டு அடி என்றால், அதில் முப்பத்தாறு குழிக்குப் பக்கத்தில் உருட்டுவதற்கு என்று ஒதுக்கியது. பாதிக்குப் பாதி! ஆனால் பயிற்சி என்றால் எல்லோரும் தூரமாக அடிக்கத்தான் ஓடுகிறோம். ஹாலில் மொசைக் தரையில் எவர்சில்வர் டம்ளரைப் படுக்கவைத்து உருட்டினேன். குழியின் அகலம் நாலேகால் அங்குலம், டம்ளர் அதில் பாதிதான். "டம்ளர்ல போட்டவனுக்கு அங்க குழி அண்டா மாதிரி தெரியும்" என்பது அண்ணன் வாக்கு. ராத்திரி பதினோரு மணிக்கு 'டங்' என்று சத்தம் கேட்டு எங்கள் கீழ்வீட்டு மாமி இரண்டு தடவை மேலே வந்தார்.

ஐந்தாவது வாரம் பந்தயம். இருபது பந்து முடிந்ததும் ஒரே ஒரு பந்து. பனைமரத்துக்கு இந்தப் பக்கம் பத்தடி, அந்தப் பக்கம் பத்தடி. உள்ளே விழுந்தால் டீ அவர் செலவு. வெளியே விழுந்தால் என் செலவு. பத்து ரூபாய் டீதான். ஆனால் கை நடுங்கும் பாருங்கள்! "இந்த நடுக்கத்தை இங்கயே பழகிக்கோங்க" என்றார்.

ஒரு நாள் அப்பாவும் வந்து நின்றார். நான் முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு என்று ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "டேய், ஏர் ஓட்டறப்ப கொழுவைப் பாத்தா சால் கோணிடும். எதிர் வரப்புல ஒரு மரத்தைப் பாத்துக்கிட்டுப் போவணும்" என்றார். அண்ணன் அப்பாவைப் பார்த்துக் கைகூப்பினார். 1999-ல் காப்ரியேல் வுல்ஃப் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் கூட்டாளிகளும் கோல்ஃப் புதிதாகக் கற்பவர்களை வைத்து இதையேதான் சோதித்தார்கள். கையின் அசைவைக் கவனித்தவர்களைவிடக் குச்சியின் வீச்சைக் கவனித்தவர்கள் நன்றாக அடித்தார்கள். அப்பா படித்தது ஐந்தாவது வரைக்கும்.

*

போட்டி நாள். சென்னையில் ஒரு க்ளப். சாஜாங் என்னைப் பார்த்ததும் "மஸ்கட்!" என்று கை தட்டினார்.

முதல் அடி. பின்னால் முப்பது பேர். பந்து தரையோடு தரையாக ஓடி நாற்பது கஜத்தில் நின்றது. யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை. மொத்தம் பதினெட்டுக் குழி. எங்கள் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர், மந்திர ரகசியம் கேட்டுத் திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டுத் தடவை நடந்தார் என்பார்கள். ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்பப்பட்ட அவர் மனசு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குக் குழிக்குக் குழி தெரிந்தது.

பதினாலாவது குழி. நூற்று முப்பது கஜம். எனக்கு ஏழாம் நம்பர் அயர்ன். பர்ச்சேஸ் தலைவர் பக்கத்தில் நிற்கிறார். கை நடுங்கியது. ஆனால் தெரிந்த நடுக்கம்! இது டீ பந்தயத்து நடுக்கம்தானே? கொடிக்குப் பின்னால் ஒரு மரம் தெரிந்தது. பனைமரம் என்று நினைத்துக்கொண்டேன். ஒண்ணு, ரெண்டு, மூணு... டக்.

கையில் ஒன்றுமே தெரியவில்லை. வெண்ணெயில் கத்தி போன மாதிரி. பந்து மேலே போய், வளையாமல், கொடிக்கு எட்டடியில் பொத்தென்று விழுந்தது.

சாஜாங் என்னையே பார்த்தார். "டூ இயர்ஸ்?" என்றார் மெதுவாக.

இனிமேல் முடியாது. சொல்லிவிட்டேன். கோல்ஃப் இல்லை சார், கல்ஃப். மஸ்கட்டில் நான் பார்த்தது மணலும் பைப்லைனும்தான். ஆடிப் பழகியது பத்து வாரம். சாஜாங்குக்குப் புரிய அரை நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் குச்சியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். பிறகு கேட்டார்: "டென் வீக்ஸ், திஸ் ஸ்விங். ஹூ டீச்?"

பர்ச்சேஸ் தலைவரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். 'எங்க கேட் செக்யூரிட்டி' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"யூடியூப் சார்" என்றேன்.

கணக்குப் பார்த்தால் அன்றைக்கு நூற்று இருபத்தொரு அடி. கடைசியிலிருந்து இரண்டாவது. அது உறுத்தவில்லை. முதல் பொய்யை நான் சொல்லவில்லை, காது சொன்னது. இந்தப் பொய்யைச் சொன்னது நான். அன்று ராத்திரி டம்ளரைத் தொடவே பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை கேட்டில் அதே சல்யூட். "எப்படி சார்?" என்றார். ஒரு கேள்விதான்.

"பதினாலாவது குழில கொடிக்கு எட்டடி, அண்ணே."

"வளைஞ்சுதா?"

"வளையல."

அவர் முகத்தில் வந்த சிரிப்பை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. அதற்குள் சாஜாங் கார் வந்தது. நான் கையைக் காட்டி நிறுத்தினேன். பதினோரு வருஷ சர்வீஸில் அந்தக் காரை நான் நிறுத்தியது அன்றைக்குத்தான்.

"சார், சண்டே ஐ டோல்ட் ராங். நோ யூடியூப். ஹீ இஸ் மை டீச்சர்."

சாஜாங் இறங்கினார். என்னைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். டிக்கியைத் திறந்து தன் ஏழாம் நம்பரை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். அவர்கள் ஊரில் மரியாதைக்குரியவர்களுக்கு அப்படித்தான் கொடுப்பார்கள். அண்ணன் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, புல் இருந்த ஓரமாகப் போய் நின்று, பந்து இல்லாமல் ஒரே ஒரு தடவை வீசினார். புல் நுனி மட்டும் பறந்தது.

சாஜாங் இடுப்பை வளைத்துக் கும்பிட்டார்.

"இன்னிக்குத் திங்கட்கிழமைதானே சார்" என்றார் அண்ணன், குச்சியைத் துடைத்துக்கொண்டே.

ப்ரமோஷன் என்னாயிற்று என்று கேட்பீர்கள். லிஸ்ட் இன்னும் வரவில்லை. புதன்கிழமை தோறும் காலையில் மட்டும் சாஜாங் கார் எங்கள் தரிசுக்கு வருகிறது. இருபது பந்து. அதற்கு மேல் ஒன்றுகூட அண்ணன் விடுவதில்லை.

ராமானுஜர் பதினெட்டாவது தடவை கிடைத்த ரகசியத்தை வைத்துக்கொள்ளாமல் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்னாராம். நானும் சொல்லிவிட்டேன்: கொஞ்சமாக அடி, ஒன்றை மட்டும் மாற்று, ஒவ்வொரு பந்தையும் புதிதாக அடி, யார் சொல்லித் தந்தது என்று கேட்டால் உண்மையைச் சொல். கோல்ஃபுக்கு மட்டும் இல்லை, கீபோர்டுக்கும் கேரம்போர்டுக்கும் இது பொருந்தும்.

வீட்டுக்காரிக்கு மட்டும் ஒரு குறை. மாசம் மூணு கிலோ கோலமாவு ஆகிறதாம். வாசலில் ஒரு புள்ளி இல்லையாம்!